பிள்ளைகள்: இல்லை

'பாம்... பாம்...' என்று படலையடியில் வான் ஒன்று வந்து நின்று கோன் அடித்த சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் நாலு பக்கமும் சிதறின.

கிணற்றடியில் மகளுக்குத் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்த குகதாசனின் கையில் வாளி அப்படியே நின்றது. கண்டி வீதியை விட்டு இறங்கிக் கனகராயன்குளத்தின் இந்தக் குச்சொழுங்கைக்குள் வான் வருவதென்றால் ஒன்றில் செத்த வீடாக இருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டு ஆட்களாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் இன்றைக்கு ஒருவரும் சாகவில்லை.

குசினிக்குள் இருந்து அக்கா நேசமலர் அகப்பையும் கையுமாக ஓடி வந்தாள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவளின் முகம் வெளிறிப்போயிற்று.

"ஐயோ தம்பி, அவள் வந்திட்டாள்! நாளைக்கெண்டெல்லோ சொன்னவள்!"

"இப்ப என்ன செய்யிறது?"

"என்ன செய்யிறதோ? பிள்ளைக்கு இன்னும் வடிவாப் பாடமாகேல்லை!" நேசமலர் சட்டென்று குந்தியிருந்து, சவர்க்கார நுரையோடு நின்ற ஏழு வயதுத் துளசிகாவின் தோள் இரண்டையும் பிடித்தாள். "இஞ்ச பார் பிள்ளை. இவர் ஆர்?"

துளசிகா நுரைக்குள்ளால் தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா."

"கெட்டிக்காரி. அம்மா எங்க?"

"கடலோட போட்டா."

"அப்பா?"

பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே கோன் இன்னொரு தடவை அடித்தது.

"சொல்லனடி! அப்பா எங்க?"

"அப்பாவும் கடலோட போட்டார்."

குகதாசன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, படலையைத் திறக்கப் போனான்.

இந்தப் பொய் பிறந்தது பத்து மாதத்துக்கு முன்னால், வவுனியாவில், பட்டப்பகலில், ஒரு மின்விசிறிக்குக் கீழே.

குகதாசன் முல்லைத்தீவுக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவனாக இருந்தவன். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, துளசிகா அவனுடைய சைக்கிள் பாரில் இருந்து சந்தைக்கு வந்திருந்தாள். அதனால் தகப்பனும் மகளும் மிஞ்சினார்கள். வீட்டில் நின்ற மனைவியும் மூன்று வயது மகனும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அவன் கடலைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கனகராயன்குளத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்திக் காலம் போனது.

நேசமலர் கெட்டவள் அல்ல. புருசனை முந்திய சண்டையில் இழந்தவள். சமாதானம் சமாதானம் என்று ஊர் சொன்னாலும், வீதியில் போகிற வாகனங்களைப் பார்த்தே நாள் எண்ணத் தெரிந்தவள்.

"தம்பி, இது திரும்பத் தொடங்கும். தொடங்கினா இந்த றோட்டைப் பூட்டுவாங்கள். பூட்டினா நீயும் பிள்ளையும் உள்ளுக்கு. வெளிநாட்டில இருக்கிற ஒருத்தியைப் பாத்துக் கட்டு. நீ முதல் போ. போய் ரெண்டு வருசத்தில துளசிகாவைக் கூப்பிடு" என்று ஓதத் தொடங்கினாள். அக்கராயனில் ஆரோ ஒருவனுக்குக் கணினியில் விபரம் போட்டுச் சுவிசில் பெண் சரிவந்ததாம். ஆறு மாதம் ஓதினாள். ஏழாம் மாதம் இருவரும் பஸ் ஏறி, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்று, வவுனியாவுக்குப் போனார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் றம்சீனின் கடை. நாலு கணினி, கண்ணாடி போட்ட தொலைபேசிக் கூடு ஒன்று. றம்சீனின் குடும்பம் முல்லைத்தீவில் இருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதியாகக் கிடந்து, பதின்மூன்று வருசம் கழித்து இந்தப் பக்கம் திரும்பி வந்தது. தன் ஊர்க்காரன் என்று தெரிந்ததும் குகதாசனுக்குப் பிளேன்ரீ வரவழைத்தான்.

"இந்த மெசினால இதுவரைக்கும் பதினொரு கலியாணம் முடிஞ்சிருக்கு அண்ணை. ஒருத்தரும் பந்திக்குக் கூப்பிடேல்லை" என்று சிரித்துக்கொண்டே கேள்விகளைத் திறந்தான். "சொல்லுங்கோ. தொழில்?"

"எஞ்சின் திருத்திறது."

"அப்பிடிப் போட்டா ஆர் பாப்பினம்? 'கடல்சார் இயந்திரத் தொழில்நுட்பவியலாளர்' எண்டு போடுவம்."

"கடலை விட்டு வந்திட்டனே..."

"அனுபவம் உங்களோடதானே வந்தது? வயசு?"

"முப்பத்தேழு."

"முப்பத்தினாலு" என்றாள் நேசமலர்.

"முப்பத்தினாலு" என்று தட்டினான் றம்சீன். "பொழுதுபோக்கு?"

குகதாசன் யோசித்தான். வேலை முடிந்தால் மகளுக்குச் சீப்பால் தலை இழுத்து, சோறு குழைத்துத் தீத்தி, கதை சொல்லிப் படுக்க வைப்பான். அதுதான் அவனுடைய பொழுது. அதை எப்படிச் சொல்வது?

"பாட்டுக் கேக்கிறது எண்டு போடுங்கோ."

படம்தான் சிக்கல். குகதாசனிடம் இருந்த ஒரே நல்ல படம், கோயில் திருவிழாவில் மகளை மடியில் வைத்து எடுத்தது. மகள் தகப்பனின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். றம்சீன் படத்தைத் திரையில் பெரிதாக்கி, பிள்ளையின் முகத்துக்கு இந்தப் பக்கமாக வெட்டினான். பிள்ளை போய்விட்டாள். ஆனால் சட்டைக் கழுத்தில் சின்னக் கை ஒன்று தனியே நின்றது.

"இதையும் எடுக்கலாம். சட்டையின்ர நிறத்தை எடுத்து மேல பூசினாச் சரி" என்றான் றம்சீன். மூன்று தரம் மவுசைக் கிளிக் பண்ண, கை மறைந்தது. குகதாசனுக்குக் கழுத்தில் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. தடவிப் பார்த்துக்கொண்டான்.

"சரி, இனி முக்கியமான கேள்வி. மணநிலை: துணையை இழந்தவர். அது இருக்கட்டும், இரக்கம் வரும். பிள்ளைகள்?" றம்சீன் கையை எடுத்துவிட்டுத் திரும்பினான். "இதுக்கு மூண்டு விடைதான் இருக்கு அண்ணை. 'இல்லை' ஒண்டு. 'உண்டு, என்னோடு' ஒண்டு. 'உண்டு, வேறிடத்தில்' ஒண்டு."

"எது நல்லது?" என்று கேட்டாள் நேசமலர்.

"உள்ளதைச் சொல்லுறன் அக்கா. 'இல்லை' எண்டு போட்டா நூறு பேர் பாப்பினம். 'உண்டு' எண்டு போட்டா அஞ்சு பேர் பாப்பினம். ஆனா அந்த அஞ்சு பேரும் உண்மையாப் பாப்பினம்."

"அஞ்சு பேரை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது? 'இல்லை'யைப் போடு தம்பி. போய்ச் சேந்தாப் பிறகு மெல்ல மெல்லச் சொல்லலாம்."

றம்சீன் அவளைப் பார்க்கவில்லை. "அண்ணை, பிள்ளையின்ர தகப்பன் நீங்கள். நீங்கள் சொல்லுங்கோ."

குகதாசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மகளுக்காகத்தானே இவ்வளவும், அவளை வெளியே எடுப்பதற்காகத்தானே என்று நினைத்தான். அப்படி நினைத்ததும் மனம் லேசானது.

"போடுங்கோ."

"எதை?"

"அக்கா சொன்னதை."

நூறு பேர் பார்த்தார்களோ தெரியாது. டென்மார்க்கில் இருந்து கிருசாந்தி எழுதினாள். முதியோர் விடுதியில் வேலை. முதல் கலியாணம் முறிந்தவள். சனிக்கிழமை தோறும் றம்சீனின் கடைக்கு அழைப்பு எடுப்பாள். குகதாசன் பஸ் ஏறிப் போய்க் கண்ணாடிக் கூட்டுக்குள் நிற்பான். சில நாள் துளசிகாவும் அடம்பிடித்துக் கூட வருவாள். வந்தால் றம்சீன் அவளைக் கதிரையில் ஏற்றி இருத்தி, சோடா வாங்கிக் கொடுத்து, சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வான்.

மூன்றாம் மாதம் கிருசாந்தி சொன்னாள்: "உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். எனக்குப் பிள்ளை பிறக்காது. ஒப்பரேசன் செய்து கர்ப்பப்பையை எடுத்தாச்சு. முதல் கலியாணம் முறிஞ்சதும் அதாலதான். பிள்ளை வேணுமெண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ. கோவிக்க மாட்டன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துளசிகா கால்களை ஆட்டிக்கொண்டு சோடா குடித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் தன்னைப் பார்ப்பதைக் கண்டு கை காட்டினாள். குகதாசன் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டான். மூன்று மாதம் ஒளித்ததை இப்போது சொன்னால் அவள் போனை வைத்துவிடுவாள் என்று பயந்தான்.

"எனக்கு... பிள்ளை எண்டு ஒரு எண்ணமும் இல்லை" என்றான்.

இப்போது அந்தக் கிருசாந்தி வேர்வையைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். படத்தில் கண்டதைவிடக் கொஞ்சம் பருமன். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் முகம்.

"ஒரு நாள் முந்தி வந்ததுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. புளியங்குளத்தில சித்தி வீட்டில இருக்க இருப்புக் கொள்ளேல்லை" என்றாள். பிறகு குகதாசன் தன் முகத்தைப் பார்க்கிறதைக் கவனித்து, "என்ன பாக்கிறியள்? படத்தில இருக்கிறவளைத் தேடுறியளோ? அது பத்து வருசத்துக்கு முந்தின படம். அவளைத் தேடி நானும் களைச்சுப் போனன்" என்று சிரித்தாள்.

நேசமலர் கதிரையைத் துடைத்துப் போட்டாள். துளசிகா தலையில் துவாயோடு வந்து தூணோடு ஒட்டி நின்றாள்.

"இதார் இந்தக் குட்டி?"

"எங்கட தங்கச்சியின்ர பிள்ளை" என்று நேசமலர் முந்திக்கொண்டாள். "தாயும் தகப்பனும் கடலோட போட்டுதுகள். நாங்கள்தான் வளக்கிறம்."

நேசமலருக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இருந்ததே இல்லை. கிருசாந்தி பிள்ளையைக் கிட்டக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவினாள். பையைத் திறந்து சொக்லேட் எடுத்து நேசமலரிடம் கொடுத்தாள். துளசிகாவுக்கு வாய் ஊறிவிட்டது. நேசமலரின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமி, எனக்கும் ஒண்டு தாங்கோ."

கிருசாந்தி நிமிர்ந்தாள். "இவர் உனக்கு என்ன முறை பிள்ளை?"

"மாமா" என்றாள் துளசிகா, பாடமாக்கியதைப் பிழை விடாமல்.

"அப்ப இவா மாமாவின்ர அக்கா. அம்மாவுக்கும் அக்கா. உனக்குப் பெரியம்மா எல்லோ? நீ ஏன் மாமி எண்டுறாய்?"

தகப்பனை மாமாவாக்கப் பிள்ளைக்குப் பழக்கிய இருவருக்கும், தகப்பன் மாமாவானால் மாமி பெரியம்மாவாக மாற வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

"அது சின்னனில இருந்து அப்பிடியே பழகீட்டுது. திருத்தினாலும் கேக்குதில்லை" என்றாள் நேசமலர், சொக்லேட் பெட்டியைத் திறக்கத் தெரியாமல் திறந்துகொண்டு.

கிருசாந்தி துவாயை எடுத்துப் பிள்ளையின் ஈரத் தலையை ஒற்றிவிட்டாள். பிறகு, "பதினாறு வருசம் வெளியில இருந்து எனக்கும் முறையெல்லாம் மறந்துபோச்சுப் போல" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

அடுத்த நாளும் வந்தாள். குகதாசனோடு கதைத்ததைவிடத் துளசிகாவோடு கதைத்தது கூட. பிள்ளைக்குத் தலை இழுத்துவிட்டாள். டெனிஷ் மொழியில் ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுத்தாள். பின்னேரம் வான் ஏறப் போகும்போது குகதாசனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பிள்ளை எண்டு ஒரு எண்ணமும் இல்லையெண்டு சொன்னனீங்கள். தெரியும். ஆனாலும் கேக்கிறன். உங்கட மருமகளை நாங்கள் தத்தெடுப்பமோ? அக்கா சம்மதிப்பாவோ?"

குகதாசன் ஓம் என்று தலையை ஆட்டினான்.

நேசமலர் இதைக் கேட்டதும் சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரமே கொளுத்திவிட்டாள். "பாத்தியே! அவளாக் கேட்டிட்டாள்! இனிப் பிள்ளையின்ர பத்திரம் மட்டும்தான் பாக்கி. பிறப்புப் பத்திரம் கடலோட போட்டுதெண்டு சொல்லுவம். புதுசா எழுதேக்க தாய் தகப்பன் பேரை மாத்தி எழுதுவிச்சாச் சரி."

"அப்ப நான் ஆர் அக்கா?"

"நீ வளப்புத் தகப்பன்."

"என்ர பிள்ளைக்கு?"

"பேரில என்ன கிடக்கு? அங்க போனா அப்பா எண்டுதானே கூப்பிடப் போறாள்!"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் எப்போதும் நியாயமாகத்தான் வந்து நிற்கும். குகதாசன் அன்றைக்கு மகளிடம் போய், "மாமி எண்டு சொல்லாத பிள்ளை. இனிப் பெரியம்மா எண்டு சொல்லு" என்றான். துளசிகா சரி என்றாள். இப்போதெல்லாம் அவள் எதற்கும் ஏன் என்று கேட்பதில்லை.

மூன்றாம் நாள் காலை, கிருசாந்தியின் வான் ஒழுங்கையில் திரும்புகிற சத்தம் கேட்டதும் துளசிகா கொய்யா மரத்தில் ஏறினாள். கிருசாந்தி அன்ரிக்கு நல்ல பழமாகப் பிடுங்க வேண்டும். உச்சிக் கொப்பு முறிந்தது.

விழுந்த சத்தத்தோடு வந்த அலறல், "மாமா!" என்றிருந்தது.

பின் வளவில் மெசின் திருத்திக்கொண்டிருந்த குகதாசன் ஓடி வந்தான். பிள்ளையின் இடது முழங்கைக்குக் கீழே எலும்பு வளைந்து நின்றது. அவளோ வலியில் துடித்துக்கொண்டு, "மாமா, மாமா" என்றே குழறிக்கொண்டிருந்தாள். உயிர் போகிற வலியில் கூட வேறு சொல் வாயில் வரவில்லை. மகளை அள்ளித் தூக்கினான். கிருசாந்தி வந்த வானிலேயே நால்வரும் ஆசுப்பத்திரிக்குப் பறந்தார்கள்.

எலும்பு விலகியிருக்கிறது, மயக்க மருந்து கொடுத்துத்தான் பொருத்த வேண்டும் என்றார் டொக்டர். தாதி ஒருத்தி படிவத்தோடு கட்டிலடிக்கு வந்தாள். வலியிலிருந்து பிள்ளையின் நினைவைத் திருப்ப, அவளிடமே கேட்டாள்.

"உங்கட பேரென்ன குஞ்சு?"

"துளசிகா."

"அப்பாவின்ர பேர்?"

துளசிகா கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். அன்ரியைப் பார்த்தாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவரும் கண் காட்டவில்லை.

"அப்பா கடலோட போட்டார்" என்றாள்.

கடல் வந்துபோன பிறகான ஒன்றரை வருசத்தில் இந்தப் பதிலை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்ட தாதி, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், 'தகப்பன்: இறந்தவர்' என்று எழுதினாள். "அப்ப பொறுப்பானவை ஆர்? கையெழுத்து வேணும்."

"நான் பெரியம்மா. நான் வைக்கிறன்" என்று நேசமலர் பேனைக்குக் கை நீட்டினாள்.

"மிஸி, அதை வெட்டுங்கோ" என்றான் குகதாசன்.

"எதை?"

"இறந்தவர் எண்டு எழுதினதை." அவன் அந்தச் சொல்லில் விரலை வைத்தான். "நான் உயிரோடதான் நிக்கிறன். என்ர பேர் குகதாசன். நான்தான் பிள்ளையின்ர தகப்பன்."

நேசமலரின் கை நீட்டியபடியே நின்றது. கிருசாந்தி ஒரு அடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தாள். தாதி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதியதை ஒரு கோட்டால் வெட்டி, படிவத்தை அவனிடம் நீட்டினாள். அவன் கையெழுத்து வைத்தான்.

துளசிகாவை உள்ளே கொண்டு போனார்கள். வெளியே மர வாங்கில் மூவரும் அமர்ந்தார்கள்.

"தங்கச்சி, பிழை முழுக்க என்னிலதான்..." என்று தொடங்கினாள் நேசமலர்.

"நீங்கள் இருங்கோ அக்கா" என்றாள் கிருசாந்தி. பிறகு குகதாசனைப் பார்த்தாள். "முதல் நாள் மாமி எண்டு கூப்பிடேக்கயே எனக்கு ஏதோ தட்டினது. நான்தான் நம்ப விரும்பேல்லை."

"அவளுக்காகத்தான் செய்தனான். தாயும் தம்பியும் கடலோட போனாப் பிறகு எனக்கு மிஞ்சினது அவள்தான். இந்த றோட்டைப் பூட்ட முந்தி அவளை வெளியில எடுக்க..."

"வயசை மூண்டு குறைச்சுப் போட்டிருந்தனீங்கள், அடையாள அட்டையில கண்டனான். சிரிச்சன். எஞ்சின் திருத்திறதைக் கடல்சார் என்னவோ எண்டு போட்டனீங்கள். அதுக்கும் சிரிச்சன். நானும் பழைய படத்தைப் போட்டவள்தானே. ஆரும் தங்களைக் கொஞ்சம் வடிவாக் காட்டத்தான் பாப்பினம். அது பிழையில்லை." அவள் குரல் உயரவில்லை. "ஆனா வடிவாக் காட்டுறது வேற, உயிரோட இருக்கிற ஒருத்தரை இல்லையெண்டு எழுதுறது வேற. பிள்ளை இருக்கு எண்டு ஒரு சொல் எழுதியிருந்தா நான் இன்னும் கெதியா வந்திருப்பன். பிள்ளையோட வாற ஒருத்தரைத்தான் என்ர மனம் தேடினது."

"இப்ப தெரியும்தானே... இப்பவும் பிந்தேல்லை..." என்றான் குகதாசன். தன் குரல் தனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"என்னை ஏமாத்தினதை நான் மறப்பன். தாயையும் தம்பியையும் கடலிட்டக் குடுத்த பிள்ளை அது. மிஞ்சின தகப்பனையும் அதின்ர வாயாலயே சாகடிச்சிருக்கிறியள். அதை எப்பிடி மறக்கிறது? பொய்யில தொடங்கின வீட்டில பிள்ளையள்தான் முதல் அகதியள். நாளைக்குக் காலமை நான் கொழும்புக்குப் போறன்."

வீதியில் கனரக வாகனங்கள் வடக்கு நோக்கி வரிசையாகப் போகிற சத்தம் கேட்டது. நேசமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவு திறந்தது. "துளசிகாவின்ர அப்பா, உள்ளுக்கு வாங்கோ. பிள்ளை முழிச்சிட்டாள்" என்று தாதி கூப்பிட்டாள்.

அவன் எழுந்து போனான். போவதற்கு முன் ஒரு தடவை பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும் போலிருந்ததோ என்னவோ, கிருசாந்தியும் வாசல் வரைக்கும் வந்து நின்றாள். கட்டில் பெரிதாக இருந்தது. வெள்ளைக் கட்டுப் போட்ட கையோடு அதன் நடுவில் துளசிகா சின்னதாகக் கிடந்தாள். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை.

"இந்தா குஞ்சு, ஆர் வந்திருக்கிறார் பார். உங்கட அப்பா!" என்றாள் தாதி.

துளசிகா தகப்பனைப் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி, வாசலில் நின்ற கிருசாந்தியைப் பார்த்தாள். மற்றக் கையால் தாதியின் சட்டையைப் பிடித்துக் கிட்ட இழுத்து, இரகசியமாகச் சொன்னாள்:

"சத்தம் போடாதேங்கோ மிஸி... அன்ரி போனாப் பிறகுதான் இவர் அப்பா."